சிவப்பு நெம்பு

செஸ்னா 206 என்ற சிறு விமானத்தின் வலப்பக்கப் பின்கதவில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். ஆபத்து வந்தால் வெளியேறுவது எப்படி என்று அதில் எழுதியிருக்கும். மொத்தம் நாலு வேலை. இரட்டைக் கதவின் முன்பாதியில் உள்ள கைப்பிடியை முழுக்க முன்னே திருப்பி, மறுபடி முழுக்கப் பின்னே கொண்டுவர வேண்டும். அந்தப் பாதி எவ்வளவு திறக்குமோ அவ்வளவு திறக்க வேண்டும். திறந்த இடுக்கில் கையை விட்டு, பின்பாதியின் விளிம்பிலுள்ள சிவப்பு நெம்பை முன்னே தள்ள வேண்டும். கடைசியாகப் பின்பாதியைப் பலங்கொண்ட மட்டும் தள்ளித் திறக்க வேண்டும்.

காய்ந்த தரையில், பகல் வெளிச்சத்தில், மெக்கானிக் ஒருவர் பக்கத்தில் நின்று காட்டித்தந்தால் இரண்டாம் தடவையிலேயே கை பழகிவிடும். ஆனால் இந்த ஸ்டிக்கர் யாருக்காக ஒட்டப்பட்டதோ அவர் இருக்கும் நிலை வேறு. விமானம் குப்புறக் கவிழ்ந்து நீருக்குள் கிடக்கிறது. அவர் ஆசனப்பட்டியில் தலைகீழாகத் தொங்குகிறார். கண்ணைத் திறந்தால் கலங்கல். அவருக்கு இந்த நாலு வரியை வாசிக்க நேரமில்லை, வாசிக்கவும் முடியாது.

ஸ்டிக்கரில் எழுதி முடித்த விஷயம் அரசாங்கக் கட்டளையாக மாற ஏறக்குறைய அரை நூற்றாண்டு எடுத்தது. அந்தக் கட்டளை பிறந்த கதைதான் இது.

206 சந்தைக்கு வந்தது 1960களின் நடுப்பகுதியில். ஒற்றை இயந்திரம், ஆறு ஆசனம், மேலே சிறகு. காட்டிலும் மலையிலும் ஆளையும் மூட்டையையும் மாறிமாறிச் சுமக்கும் வண்டி. அதனால்தான் சரக்கு ஏற்ற வசதியாக வலப்பக்கம் பின்னால் அகலமான இரட்டைக் கதவை வைத்தார்கள். இடப்பக்கம் முன்னால் விமானிக்கு ஒரு கதவு. பரவலாக ஓடிய சரக்கு வகையில் இந்த இரண்டும்தான் வழி. விமானிக்கு வலப்பக்கத்தில் உட்காருபவருக்குத் தனிக் கதவு கிடையாது.

சிக்கல் சிறகில் இருந்தது. விமானம் இறங்கும்போது வேகத்தைக் குறைக்க, சிறகின் பின்விளிம்பிலிருந்து ஃபிளாப் எனப்படும் மடல் கீழே இறங்கும். 206இல் அந்த மடல் சரக்குக் கதவுக்கு நேர்மேலே தொங்குகிறது. மடல் இறங்கியிருக்கையில் கதவின் முன்பாதியைத் திறந்தால் சில அங்குலத்திலேயே மடலில் முட்டி நின்றுவிடும். முன்பாதி விலகினால்தான் பின்பாதியின் நெம்பு கைக்கு எட்டும். ஆக, இறங்கும் நேரத்தில் விபத்து நடந்தால் அவசர வழி பாதி பூட்டியே இருக்கும்.

தயாரித்தவர்களுக்கு இது தெரியாமலில்லை. முன்பாதி திறந்திருந்தால் ஃபிளாப் அசையாதபடி கதவுச் சட்டத்தில் ஒரு சுவிட்ச் வைத்தார்கள். கதவிடமிருந்து ஃபிளாப்பைக் காக்க ஒரு சுவிட்ச். ஃபிளாப்பிடமிருந்து பயணியைக் காக்க ஒரு ஸ்டிக்கர். எனக்கு இந்த விஷயத்தில் கோபம் வருவது இந்த இடத்தில்தான்.

சட்டம் அப்போது இல்லாமலும் இல்லை. சிறு விமானங்களுக்கான அமெரிக்க விதிகளில் அவசர வழிக்கு அளவே உண்டு: 19 அங்குலத்துக்கு 26 அங்குலம் கொண்ட ஒரு நீள்வட்டம் தடையில்லாமல் புகுந்து வர வேண்டும். ஏறக்குறைய 48க்கு 66 சென்ரிமீற்றர். தோள் அகன்ற ஆள் உடம்பைச் சரித்துத்தான் நுழைய வேண்டும். பிரதான கதவுக்கு எதிர்ப்பக்கம் இருக்க வேண்டும். திறக்கும் முறை எளிமையாக, பார்த்ததும் புரிவதாக இருக்க வேண்டும். உடல்கூடு நசுங்கினாலும் கதவு சிக்கிக்கொள்ளாதிருக்க நியாயமான ஏற்பாடு வேண்டும். எல்லாம் நல்ல வார்த்தைகள். எழுதியவர்களின் மனதில் இருந்தது சக்கரத்தில் நிமிர்ந்து நிற்கும் விமானம் என்றுதான் நினைக்கிறேன். அதே விமானத்தின் சக்கரங்களைக் கழற்றிவிட்டு மிதவைகளைப் பூட்டி ஏரியில் இறக்குகையில் கதை மாறுகிறது.

மிதவை விமானம் ஏன் கவிழ்கிறது? முன்னால் கனமான இயந்திரம். கீழே, நீரைத் தொட்டபடி இரண்டு மிதவைகள். இறங்கும்போது மிதவையின் மூக்கோ சிறகின் நுனியோ நீரில் குத்திக்கொண்டால் விமானம் அதையே அச்சாக வைத்துப் புரண்டுவிடும். மிதவைகள் காற்று அடைத்தவை என்பதால் அவை மேலேயே மிதக்கும். ஆட்கள் இருக்கும் பகுதி அவற்றின் கீழே, நீருக்குள் தொங்கும். விமானம் மூழ்காமலே உள்ளே இருப்பவர் மூழ்கும் விநோதம் இப்படித்தான் நேர்கிறது. கனடாவின் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை இருபது வருட விபத்துகளைப் பார்த்துச் சொன்ன கணக்கு இது: நீரில் விழுந்து மூழ்கிய விமானங்களில் இறந்தவர்களில் 70 வீதமானோர் மோதலில் சாகவில்லை, மூச்சுத்திணறி மூழ்கி இறந்தார்கள். பலர் மோதலுக்குப் பிறகு சுயநினைவோடு உள்ளே நகர்ந்திருக்கிறார்கள். வழியைத்தான் காணவில்லை.

மாத்தளை மாவட்டத்துப் பல்லேகமவில் இருப்பவருக்கு இந்தக் கதையில் என்ன வேலை என்று கேட்கலாம். இங்கே விமான நிலையம் கிடையாது. மாவட்டத்தில் ஓடுபாதை என்றால் சிகிரியாவில் உள்ள விமானப்படையின் தளம்தான். ஆனால் இங்கே தண்ணீர் இருக்கிறது. நக்கிள்ஸ் மலைகளின் அடிவாரத்தில் களுகங்கையை மறித்து அணை கட்டி, பழைய லக்கல நகரத்தை நீருக்கு விட்டுக்கொடுத்து, 2018இல் சனங்களைப் புதிய நகரத்துக்கு மாற்றினார்கள். மலை சூழ்ந்து, நடுவில் நீண்டு கிடக்கும் இந்த நீர்ப்பரப்பைப் பார்க்கிற எந்தச் சுற்றுலாக்காரருக்கும் அடுத்து வரக்கூடிய யோசனை எதுவென்று ஊகிப்பது கடினமல்ல. மத்திய மலைநாட்டில் அது ஏற்கெனவே நடக்கிறது. தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே உள்ள காசல்ரீ நீர்த்தேக்கத்தில் மிதவை பூட்டிய செஸ்னா கரவன் விமானங்கள் இறங்குகின்றன. சினமன் ஏர் 2013 முதல் இந்தச் சேவையை நடத்துகிறது. தென்கரையில் கொக்கல வாவியும் உண்டு.

கொக்கலவுக்கு இதில் பழைய உரிமையே உண்டு. இரண்டாம் உலகப் போரில் அது பறக்கும் படகுகளின் தளம். 1942 ஏப்ரல் 4ஆம் திகதி அங்கிருந்து கற்றலினா விமானத்தில் கிளம்பிய கனேடிய விமானி லெனார்ட் பேர்ச்சல்தான் இலங்கையை நோக்கி வந்த ஜப்பானியக் கப்பற்படையைக் கண்டு செய்தி அனுப்பியவர். அடுத்த நாள் கொழும்பு தாக்கப்பட்டது. எச்சரிக்கை முன்கூட்டியே வந்திருந்தது. அவருடைய விமானம் கடலில் வீழ்த்தப்பட்டது. ஒன்பது பேர் கொண்ட குழுவில் ஆறு பேர் உயிரோடு சிறைபிடிக்கப்பட்டார்கள். இலங்கையில் நீர்விமானம் என்றதும் மூத்தவர்களுக்கு நினைவு வருகிற பெயர் ஒரு கனேடியருடையது. நான் சொல்லும் கட்டளையும் கனடாவில்தான் பிறந்தது.

நீர்த்தேக்கத்துக்கென்றே சில ஆபத்துகள் உண்டு. காற்றில்லாத காலையில் நீர் கண்ணாடியாக நிற்கும். மேலிருந்து வரும் விமானிக்கு நீரின் மட்டம் எங்கே என்றே தெரியாது. மலையின் நிழலும் வானத்தின் நிழலும்தான் தெரியும். உயரத்தைத் தவறாகக் கணித்தால் மிதவை குத்திக்கொள்ளும். நிலத்திலும் நீரிலும் இறங்கக்கூடிய விமானமென்றால் இன்னொரு வினை: சக்கரத்தை உள்ளே இழுக்க மறந்து நீரில் இறங்கினால் அந்தச் சக்கரமே தடையாகி விமானத்தைக் கவிழ்க்கும். இதற்காகவே பல விமானங்களில் இறங்குவதற்கு முன் சக்கரத்தின் நிலையை விமானிக்கு வாய்விட்டுச் சொல்லும் கருவி பொருத்தியிருப்பார்கள். இந்த ஆபத்துகள் எல்லாம் விமானியின் கையில். கவிழ்ந்த பிறகு நடப்பது கதவின் கையில்.

2009 நவம்பர் 29. பிரிட்டிஷ் கொலம்பியாவின் சற்றூர்னா தீவில் லயல் ஹார்பர் என்ற சிறு துறை. ஒரு டி ஹவிலண்ட் பீவர் மிதவை விமானம் வன்கூவர் நோக்கிக் கிளம்பி, திரும்பும்போது தூக்கும் விசை இழந்து நீரில் விழுந்தது. பீவர் 1947இல் முதலில் பறந்த விமானம்; 1,600க்கும் மேல் கட்டப்பட்டு, அறுபதாண்டு கழித்தும் வேலையில் இருக்கிறது. அன்று உள்ளே எட்டுப் பேர். விமானியும் ஒரு பயணியும் வெளியே வந்தார்கள். ஆறு பேர் மூழ்கி இறந்தார்கள். அதில் ஒரு கைக்குழந்தையும் உண்டு. நாலு கதவுகளில் இரண்டு மோதலில் நெளிந்து இறுகிப்போயிருந்தன.

விசாரணை முடிந்து 2011இல் பாதுகாப்புச் சபை இரண்டு பரிந்துரைகளைச் செய்தது. ஒன்று, வணிக மிதவை விமானங்கள் எல்லாவற்றிலும், பழையதோ புதியதோ, நீரில் விழுந்ததும் விரைவாக வெளியேறக்கூடிய கதவுகளும் அவசர வழிகளும் இருக்க வேண்டும். இரண்டு, உள்ளே இருப்பவர்கள் உயிர்காப்பு அங்கியை ஆசனத்தின் கீழே வைத்திராமல் உடம்பிலேயே அணிந்திருக்க வேண்டும்.

இந்தச் சபைக்குப் பரிந்துரைக்க மட்டும்தான் அதிகாரம். கட்டளை இடுவது போக்குவரத்து அமைச்சு. விசாரிப்பவரும் ஆணையிடுபவரும் ஒருவராக இருந்தால் தன் பழைய தவறைத் தானே மூடிவிடக்கூடும் என்பதற்காகப் பல நாடுகளில் இந்தப் பிரிவினையை வைத்திருக்கிறார்கள். நியாயமான பிரிவினைதான். அதன் விலை காலதாமதம். 2019இல்தான் கனடா விதியைத் திருத்தியது: பயணிகள் அங்கி அணிய வேண்டும்; வணிக விமானிகள் நீருக்கடியில் வெளியேறும் பயிற்சி எடுக்க வேண்டும். கதவு அந்தத் திருத்தத்தில் இல்லை.

அங்கியைப் பற்றி ஒரு வார்த்தை. அணிய வேண்டும், ஆனால் உள்ளே இருக்கும்போது காற்று நிரப்பக் கூடாது. 1996 நவம்பர் 23இல் கடத்தப்பட்ட எத்தியோப்பிய விமானம் கொமொரோ தீவுகளின் கரையோரம் கடலில் இறங்கியபோது, சொன்னதைக் கேளாமல் பலர் உள்ளேயே அங்கியை ஊதிவிட்டார்கள். நீர் ஏறியதும் அங்கி அவர்களைக் கூரையோடு அழுத்தியது. குனிந்து கதவுக்கு வர முடியவில்லை. 175 பேரில் 125 பேர் இறந்த அந்த விபத்தில் அப்படிச் செத்தவர்களும் உண்டு.

இனி கட்டளையைப் பற்றி. ஹங்கரில் வேலை செய்கிறவர்கள் அதை ‘ஏ.டி.’ என்பார்கள், வான்தகுதி ஆணை என்று நாம் சொல்லலாம். அமெரிக்கா 1926இல் வான் வணிகச் சட்டத்தை இயற்றி, விமானம் பறக்கத் தகுதியானதா என்று தீர்மானிக்கும் உரிமையைத் தயாரிப்பாளரிடமிருந்தும் விமானியிடமிருந்தும் எடுத்து அரசின் கையில் கொடுத்தது. தகுதிச் சான்று கொடுக்கும் அரசுக்கு, பின்னால் குறை தெரியவந்தால் அந்தச் சான்றுக்கு நிபந்தனை போடும் உரிமையும் வந்து சேர்ந்தது. ஆணை என்பது அந்த நிபந்தனைதான். இன்ன ரக விமானத்தில், இன்ன இலக்கத்திலிருந்து இன்ன இலக்கம் வரை, இந்தப் பாகம் பழுது, இத்தனை நாளுக்குள் அல்லது இத்தனை மணிநேரப் பறப்புக்குள் இன்ன முறையில் திருத்து, திருத்தாவிட்டால் பறக்காதே.

இதற்கும் தயாரிப்பாளரின் சேவைக் குறிப்புக்கும் உள்ள வேறுபாடு முக்கியம். கொம்பனி ஒரு குறையைக் கண்டு, இந்தப் பாகத்தை மாற்றினால் நல்லது என்று கடதாசி அனுப்பும். சிறு விமானத்தைத் தன் சொந்தச் செலவில் ஓட்டுபவர் அதைக் கட்டாயமாகச் செய்ய வேண்டியதில்லை. அரசு அதே கடதாசியை ஆணைக்குள் வைத்து வெளியிட்டால் அது சட்டம். அமெரிக்காவில் வழக்கமாக முதலில் முன்மொழிவாக வெளியிட்டு மக்கள் கருத்தைக் கேட்பார்கள். செலவுக் கணக்கும் கூடவே வரும்: எத்தனை மணிநேர வேலை, மணிக்கு 85 டொலர் கூலி, பாகத்தின் விலை, நாட்டில் எத்தனை விமானம், ஆக மொத்தம் இவ்வளவு. வாசிக்கச் சலிப்பான பகுதி. ஆனால் ஒரு கதவு பல வருடம் திருத்தப்படாமல் கிடப்பதற்கான விடை பெரும்பாலும் அந்தப் பகுதியில்தான் இருக்கும். அரைகுறையாகத் திறக்கும் கதவு தினமும் எந்தத் தொல்லையும் தருவதில்லை. விமானம் பறக்கிறது, காசு வருகிறது. விரிசல் விட்ட சிறகுத் தண்டு என்றால் எல்லாருக்கும் பயம் வரும். வெளியேறும் வழியின் குறை, வெளியேற வேண்டி வரும் அந்த ஒரு நிமிடத்தில் மட்டும்தான் குறை.

செஸ்னா கொம்பனி 1980களின் நடுப்பகுதியில் 206 கட்டுவதை நிறுத்தி, 1998இல் மறுபடி ஆரம்பித்தது. இயந்திரம் மாறியது, கருவிகள் மாறின. வலப்பக்க இரட்டைக் கதவும் அதற்கு மேலே தொங்கும் ஃபிளாப்பும் மாறவில்லை. திருத்த வாய்ப்புக் கிடைத்த ஒரு தருணத்தைக் காட்டச் சொன்னால் நான் இதைத்தான் காட்டுவேன்.

பிறகு 2018 ஓகஸ்ட் 16. கனடாவின் வடமேற்குப் பிரதேசத்தில் லிற்றில் டொக்டர் ஏரி. அருவி பார்க்கும் சுற்றுலாவில் வந்த மிதவை பூட்டிய 206 ஒன்று அந்த ஏரியில் இறங்கியது. வலச்சிறகு நீரைத் தொட்டது, விமானம் கவிழ்ந்தது. இறங்கும் நேரம் என்பதால் ஃபிளாப் கீழே இறங்கியிருந்தது. ஐந்து பேரில் மூன்று பேர் உள்ளேயே மூழ்கி இறந்தார்கள்.

இது முதல் விபத்தல்ல. அதே ரகத்தில், அதே கதவில் ஆட்கள் சிக்கிய கதைகள் விசாரணைக் கோப்புகளில் முன்பே இருந்தன. இம்முறை கோப்பு நகர்ந்தது. 2020இல் கனேடியப் போக்குவரத்து அமைச்சு இந்த ரகத்துக்கு ஒரு வான்தகுதி ஆணை போட்டது, சி.எஃப். 2020-10 என்பது அதன் இலக்கம். அந்த ஆணை யாரிடம் என்ன கேட்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். பயணியிடம் எதையும் கற்றுக்கொள்ளச் சொல்லவில்லை. ஸ்டிக்கரின் எழுத்தைப் பெரிதாக்கச் சொல்லவில்லை. திருத்தம் செய்யாத விமானத்தில் ஏற்றக்கூடிய ஆட்களின் எண்ணிக்கையைக் குறைத்தது. ஆட்கள் குறைந்தால் வழியில் இடம் கிடைக்கும். முன்னால் உள்ள ஒரே நல்ல கதவுக்குப் போட்டி குறையும். முழு எண்ணிக்கையும் வேண்டுமென்றால் கதவைத் திருத்து. வெற்று ஆசனம் ஒவ்வொரு பறப்பிலும் உரிமையாளருக்கு நட்டம். ஐம்பது வருடமாகப் பயணியின் தலையில் இருந்த சுமை ஒரே நாளில் உரிமையாளரின் கணக்குப் புத்தகத்துக்கு மாறியது. சட்டம் எழுதுகிறவர்களைப் பாராட்டும் பழக்கம் எனக்குக் குறைவு. இதைப் பாராட்டத்தான் வேண்டும்.

ஒரு நாட்டின் ஆணை இன்னொரு நாட்டுக்கு எப்படி வந்து சேருகிறது? 1944 டிசம்பர் 7இல் சிக்காகோவில் கையெழுத்தான சர்வதேச விமானப் போக்குவரத்து உடன்படிக்கையின் எட்டாம் இணைப்பு வான்தகுதியைப் பற்றியது. வடிவமைத்த நாடு ஒரு ரகத்தில் குறை கண்டு கட்டாயத் தகவல் வெளியிட்டால், அந்த ரகத்தைப் பதிவு செய்துள்ள நாடுகளுக்கு அதை அனுப்ப வேண்டும். பதிவு செய்த நாடு அதைப் பெற்றுத் தன் முடிவை எடுக்க வேண்டும். தான் கண்ட குறையைத் திருப்பியும் அறிவிக்க வேண்டும். 206 அமெரிக்க வடிவமைப்பு. கனடா பதிவு செய்த நாடு என்ற முறையில் தன் எல்லைக்குள் முந்திக்கொண்டது. இலங்கையில் இந்தப் பொறுப்பு சிவில் விமான சேவைகள் அதிகார சபையிடம் இருக்கிறது. 2002ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான சபை அது. வாலில் 4ஆர் என்று எழுதிய விமானம் இரத்மலானையில் பராமரிப்புக்கு நிற்கும்போது, அந்த ரகத்துக்கு வந்த ஆணைகள் ஒவ்வொன்றும் செய்யப்பட்டதா, எந்தத் திகதியில், யார் கையெழுத்து என்று லொக் புத்தகத்தில் இருக்க வேண்டும். ஒன்று விடுபட்டாலும் விமானம் சட்டப்படி பறக்கத் தகுதியற்றது.

நம்முடைய ஏரிகளில் இறங்கும் கரவன் வேறு வடிவமைப்பு. முன்னால் இரண்டு பக்கமும் கதவு, பின்னால் ஒரு பக்கம் பயணிகள் கதவு, மறுபக்கம் சரக்குக் கதவு. 206இன் நோய் அதற்கு இல்லை. கடலுக்கு அப்பாலும் இதே ஆசைதான். அந்தமானில் 2010 டிசம்பரில் ஜல்ஹன்ஸ் என்ற பெயரில் கரவனைத்தான் இறக்கினார்கள். குஜராத்தில் 2020 ஒக்டோபர் 31இல் தொடங்கிய சேவைக்கு மாலைதீவிலிருந்து ட்வின் ஒட்டர் வந்தது, அது நீடிக்கவில்லை. 2024 நவம்பரில் மூணாறுக்கு மேலே, தமிழ்த் தோட்டத் தொழிலாளர் நிறைந்த மாட்டுப்பட்டி அணையில் ஒரு ட்வின் ஒட்டர் வெள்ளோட்டமாக இறங்கியது. அங்கே எழுந்த விவாதம் யானைகளைப் பற்றியது. யானைக்காகப் பேசவும் ஆள் வேண்டும்தான். கதவைப் பற்றி யாராவது கேட்டார்களா என்று தேடினேன். என் கண்ணில் படவில்லை.

நீருக்கடியில் வெளியேறும் பயிற்சியில் முதலில் சொல்லித் தருவது ஆசனப்பட்டியை உடனே கழற்றாதே என்பதைத்தான். கழற்றினால் மிதந்து திசை தவறிப்போகும். ஒரு கையால் கதவுக்குப் பக்கத்தில் உள்ள நிலையான ஏதாவது ஒன்றைப் பிடி. நீரின் பாய்ச்சல் அடங்கும்வரை பொறு. மறுகையால் கதவைத் திற. அதற்குப் பிறகு பட்டியைக் கழற்று. பிடித்த கையை விடாமல் அதன் வழியே வெளியே இழுத்துக்கொள். பயிற்சித் தொட்டியில் போலி விமானக் கூட்டைப் புரட்டிப்போட்டு இதைத் திரும்பத் திரும்பச் செய்விப்பார்கள். செய்து பழகிய விமானி தப்புவதோடு வெளியிலிருந்து கதவைத் திறந்துவிடவும் முடியும். உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் திறக்க வேண்டும் என்ற பழைய விதிக்கு அர்த்தம் அங்கேதான் இருக்கிறது. ஆனால் இந்தப் பயிற்சி முழுவதும் கதவு திறக்கும் என்ற நம்பிக்கையின் மேல் நடப்பது.

பீவரின் கதை அப்படியே நிற்கிறது. அதன் வடிவமைப்பு உரிமையை 2006இல் வாங்கிய வைக்கிங் எயார் கொம்பனி, லயல் ஹார்பருக்குப் பிறகு உள்ளிருந்து தள்ளினால் கழன்று விழும் ஜன்னல்களையும் எளிதில் கைக்கு அகப்படும் கதவுக் கைப்பிடிகளையும் செய்து விற்பனைக்கு விட்டது. சில சேவைகள் தாமாகவே வாங்கிப் பொருத்தின. 2019 திருத்தத்தில் அந்த ஜன்னல் கட்டாயமாக்கப்படவில்லை. பொருத்துவதும் விடுவதும் உரிமையாளரின் விருப்பம்.